வண்டி ஏற மறுத்த மருதாத்தாள்

மருதாத்தாளுக்கு நெஞ்சுவலி வந்து, பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது, டாக்டர் இரண்டு வழி சொன்னார். இதயம் தேறுவதற்கான பயிற்சிக்கு வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கே வரலாம். இல்லையென்றால் வீட்டிலேயே செய்யலாம். பிசியோதெரபி பார்க்கும் ஷிஜு போனில் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வார். மருதாத்தாளின் உடல்நிலைக்கு இரண்டும் சரிதான் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி என்றால் மருமகள் செல்வப்பிரியாவும் கூடவே அலைய வேண்டும். மகனுக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, லீவு கிடைக்காது. வீட்டில் கறவை மாடுகள் வேறு. "ஊட்டுலயே பண்ணிக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார் மருதாத்தாள். தினமும் நடக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்துவிட்டார்.

எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் அது அவ்வளவு லேசா? இங்கே நெஞ்சுவலி வந்தவர் கட்டிலில்தான் கிடக்க வேண்டும். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வருகிறவர்கள், தண்ணீர் செம்பைக்கூடத் தூக்கவிட மாட்டார்கள். மருதாத்தாள் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினால், பின்னால் வரும் முதல் பைக் நின்றுவிடும். "ஏறுங்க, ஊட்ல உட்டுட்டுப் போறன்" என்பார்கள். மாட்டேன் என்றால் முகம் சுண்டிப்போகும். அதனால் இவரும் ஏறிவிடுவார். அன்பால் ஆளைக் கொல்வதில் எங்கள் ஊரை மிஞ்ச முடியாது. ஷிஜு போனில் விசாரித்தால், "போறது நடந்துங்க, வர்றது பைக்குலீங்க" என்று உள்ளதைச் சொல்வார்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள் செல்வப்பிரியாவை வழிமறித்தார். "ஏங்கண்ணு, சீக்காளியை இப்பிடி ரோட்டுல தொரத்தி உட்டிருக்கறயே, நல்லாவா இருக்குது?"

செல்வப்பிரியா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். "ஆஸ்பத்திரிக்கே போயிரலாமுங்க அத்தை. அங்க நடந்தா வைத்தியம்பாங்க. இங்க நடந்தா நான் கொடுமைக்காரி."

அங்கே போனால் மருதாத்தாளுக்குத் தொந்தரவே இல்லை. யாரும் வழிமறிக்க மாட்டார்கள், மெஷினில் நிம்மதியாக நடக்கலாம்.  ஆனாலும், "இப்ப நான் அங்க போனா, நீ என்னையத் தொரத்தி உட்டதாப் பொன்னாத்தா சொன்னது நெசம்னு ஆயிரும் சாமி" என்றார்.

மறுநாள் காலை, பால் சொசைட்டியில் நாங்கள் எல்லாரும் பால் ஊற்ற வரிசையில் நிற்கிறோம். பொன்னாத்தாளும் நிற்கிறார். மருமகளோடு நடந்தே வந்து சேர்ந்தார் மருதாத்தாள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவர். அன்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"என்னைய நடக்கச் சொன்னது டாக்டருங்க. நடக்க வெக்கறது என்ற மருமவ. நான் உப்புக் கம்மியாத் திங்கறன்னு அவளும் அப்பிடியேதான் திங்கறா. இனி யாரும் எனக்கு வண்டி நிறுத்த வேண்டாமுங்க. அவளைப் பேசறவங்க என்னைப் பாக்கவும் வர வேண்டாமுங்க."

 பொன்னாத்தாள் தன் பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிப் பழகாத ஊரில் இப்படிச் சொல்ல எத்தனை தைரியம் வேண்டும். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

செல்வப்பிரியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். மருதாத்தாள் அவள் கையைப் பிடித்தார்.

"அழுவறதுன்னா நடந்துட்டே அழுவு சாமி. இப்பிடி நின்னுட்டிருந்தா என்ற நெஞ்சுக்கு ஆவாது."