கெடாருக்குக் கொடுத்த நாய்

திண்டிவனத்தில் நாங்கள் வளர்த்த எட்டு மாத நாய் பிளாக்கி, வாக்கிங் போனால் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும். ஒருநாள் அது இழுத்த இழுப்பில் என் மனைவி ரோட்டில் விழுந்து கை முறிந்துவிட்டது.

"பழக்கினா சரியாப் பூடும்ங்க. அது குட்டிதான?" என்று அவள் கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. மறுநாளே கெடார் கிராமத்தில் விவசாயம் செய்யும் நண்பனிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். நண்பனின் மனைவி கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். கயிறு தொய்ந்து கிடக்க, பிளாக்கி அவர் பக்கத்திலேயே நிதானமாக நடந்து வந்தது.

"எப்படிம்மா பழக்கின?"

"அது இழுத்தா நான் நின்னுடுவேண்ணே. கயிறு தளந்தாதான் நடப்பேன். பத்தே நாள்ல புரிஞ்சிக்கினுச்சி."

வீடு திரும்பியதும், "நல்லா இருக்குதா?" என்று கேட்டாள் மனைவி.

"இருக்குது" என்றேன். பத்து நாள்தான் ஆனது என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.