கடை சாத்தும்வரை லாக்அவுட் கிடையாது

இன்று பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டுக்கடையில் வேலை. சேலை டிசைன்களை இனி முதலாளி மட்டும்தான் அழிக்க முடியும். கவுண்டரில் இருப்பவர்கள் பார்க்கலாம், அவ்வளவுதான். லாகின் செய்யும்போதே யாருக்கு என்ன அனுமதி என்று கம்ப்யூட்டர் முடிவுசெய்யும்படி மாற்றிவிட்டு நிமிர்ந்தேன்.

கவுண்டர் செல்வி அக்கா மவுஸைப் பிடித்தார்.

"நெஜமாவே தடுக்குதான்னு பாத்துடலாம்பா."

தறியில் பாதி நெய்திருக்கும் ஒரு கல்யாணச் சேலையின் முந்தி டிசைன். அதற்கு வேறு நகல் கிடையாது. அதில் போய் டெலீட்டை அழுத்தினார்.

'அழிக்கவா?' என்று திரை கேட்டது.

அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தேன். அங்கே முதலாளியின் பெயர்.

"அக்கா, கைய எடுங்க!"

நான் கத்தியதில் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏம்பா கத்தற? காலைல கற்பூரம் காட்டிட்டு அவருதான் லாகின் பண்ணுவாரு. அதுலயேதான் எல்லாரும் வேல பாத்துக்கினு இருப்போம்."

"லாக்அவுட்டே பண்ண மாட்டீங்களா?"

"வியாபார நேரத்துல யாராவது மூடுவாங்களாபா?"

மவுஸை வாங்கி 'வேண்டாம்' என்பதை நானே அழுத்தினேன். ஆளுக்கேற்ற காவலை வாசலில் போட்டுவிட்டேன்; கடை மொத்தமும் காலையிலேயே முதலாளியாக உள்ளே போய்விட்டது.

லாக்அவுட்டுக்கு நல்ல நேரம் குறித்துத் தரும் ஜோசியர் யாரையாவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அவசரம்.