இடது ஓரத்துப் பொத்தான்

கிர்கீஸ் மலையூரான நாரினின் செவிலியர் கல்லூரியில் கணினி அறை ஜிபாரின் பொறுப்பு. சில விண்டோஸ், சில லினக்ஸ், யாரோ தானம் கொடுத்த ஒரு மேக். ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் ஓடாது; அதோடு மல்லுக்கட்டுவதுதான் அவள் வேலை.

அவள் தங்கை மீரிம் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகப் படித்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு இலவச மென்பொருள் வைத்திருந்தாள். கேள்வி அட்டையைக் காட்டும். மறந்துவிட்டது என்றால் அதே அட்டையைச் சற்று நேரத்தில் மறுபடி காட்டும். தெரியும் என்றால் பல நாள் தள்ளிப்போடும். ஒவ்வொரு அட்டைக்கும் ஜெர்மன் வாக்கியத்தோடு கிர்கீஸ் அர்த்தத்தையும் தன் குரலிலேயே பதிந்திருந்தாள். ஜனவரியில் டொலோன் கணவாய்ப் பனியில் வண்டி சறுக்கிய விபத்தில் அவள் போய்விட்டாள்.

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும், அந்த அட்டைகளைப் பற்றிக் கேள்விப்பட்ட மாணவிகள் அவற்றைக் கேட்டார்கள். ஜிபார் தங்கையின் பழைய மடிக்கணினியை எடுத்துவந்தாள். லினக்ஸ். மென்பொருள் திறந்தது, அதன் திரை மட்டும் வெள்ளையாகவே நின்றது. கிராஃபிக்ஸ் சிப்பின் உதவியை நிறுத்தியதும் எழுத்து வந்தது, சத்தம் வரவில்லை. ஒலிக்கான சின்ன நிரல் ஒன்றை நிறுவினாள்.

“எங்க வலிக்குது? எப்போலேருந்து வலிக்குது?”

மீரிமின் குரல் பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. ஜிபார் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

அட்டைகளுக்கு இணையத்தில் சேமிப்பாகியிருந்த பிரதியோடு இணைத்தபோது மென்பொருள் மறித்தது. இரண்டும் வேறு வேறாக இருக்கின்றன, எதை வைத்துக்கொள்வது என்று கேட்டது. மீரிம் போனபின் இந்தக் கணினியை யாரும் தொடவில்லை. அப்படியிருக்க எப்படி வேறுபடும்? கல்லூரியின் விண்டோஸ் ஒன்றில் இணையப் பிரதியை இறக்கிப் பார்த்தாள். மீரிம் தலைகீழாய்ப் படித்து வைத்திருந்த அட்டைகளெல்லாம் வசந்த காலம் தொட்டு ‘மறந்துவிட்டது’ என்று பதிவாகியிருந்தன. ஒவ்வொரு காலையும். அன்று காலையும்.

செத்தவள் எங்கோ உட்கார்ந்து, படித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மறந்துகொண்டிருக்கிறாள். நட்ட நடு மதியத்தில் ஜிபாருக்கு அப்படித்தான் தோன்றியது. வண்டியிலிருந்து எடுத்த, அதே மென்பொருள் உள்ள மீரிமின் போன் அம்மாவிடம் இருப்பது அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. நேரே அங்கே போனாள்.

அம்மா சமையலறை மேசையில் உட்கார்ந்து அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; போனை மறைக்கவும் இல்லை.

“உனக்கு ஜெர்மன் தெரியாதே, அம்மா. எதை அழுத்துற?”

“இடது ஓரத்துல இருக்கிறத.”

“அது மறந்துட்டேன்னு அர்த்தம்.”

“இருக்கட்டும். மத்ததை அழுத்தினா அவ போயிடறா, அப்புறம் எப்ப வருவான்னு தெரியல. இதை அழுத்தினா உடனே திரும்பி வர்றா.”

ஜிபார் தேநீர்க் கிண்ணத்தை ஒதுக்கி வைத்தாள். மாணவிகள் கேட்டதைச் சொன்னாள். அம்மா போனை மேசையில் வைத்தாள்.

“அந்தப் பொண்ணுங்களும் இதைத்தான் அழுத்துவாங்களா?”

“முதல்ல அழுத்துவாங்க. படிச்ச பிறகு மாட்டாங்க.”

“அப்ப அவங்ககிட்ட அவ ரொம்ப நாள் இருக்க மாட்டா,” என்றாள் அம்மா. ஆனால் கொடுக்காதே என்று சொல்லவில்லை.

திரும்பி வந்த ஜிபார் மென்பொருளின் கேள்விக்கு இணையப் பிரதியே இருக்கட்டும் என்று பதில் சொன்னாள். அம்மாவின் காலைகள் அப்படியே தொடரும். மாணவிகளுக்கு அட்டைகளைத் தனியாகப் பிரித்து வேறு கணக்கில் ஏற்றினாள். விண்டோஸ்களில் ஒரே நாளில் முடிந்தது. மேக்தான் வாரம் முழுக்கப் படுத்தியது.

குளிர் தொடங்கியபோது ஐகானிஷ் என்ற மாணவி மேக்கிலிருந்து ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு கூப்பிட்டாள். “அக்கா, இதுல பதிவை நிறுத்த மறந்துட்டாங்க போல. கடைசியில யாரையோ திட்டுறாங்க. இந்த அட்டையை எடுத்துடட்டுமா?”

ஜிபார் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்றது தங்கையின் குரல். பிறகு நாற்காலி நகரும் சத்தம். பிறகு, “அக்கா, கதவை மூடு, குளிர் உள்ள வருது.”

அந்த அட்டையை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஐகானிஷ் மெனக்கெட்டு அதைப் படித்தாள். ஜிபார் சும்மா நின்றுகொண்டிருந்தாள், அந்தப் பெண் எந்தப் பொத்தானை அழுத்தப் போகிறாள் என்று பார்த்தபடி.