எதிர்மேட்டு விளக்கு

மலை உச்சியில் போய் வீடு கட்டி உட்கார்ந்தவர்களுக்குப் புத்தி கொஞ்சம் கோணல் என்று கீழே இருப்பவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அதைக் கேட்டுப் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டக்கூட ஆட்டுக்காரிக்கு அங்கே துணை கிடையாது. ஒரு காலத்தில் கூரைக்குக் கூரை புகைந்த இடம்தான். பள்ளிக்கூடத்தை மூடியதும் பிள்ளைகுட்டிக்காரர்கள் இறங்கினார்கள். பாதை சரிந்ததும் மற்றவர்கள் இறங்கினார்கள். மிஞ்சியது இரண்டே வீடு. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஆட்டுக்காரி. அந்தப் பக்கம், எதிர்மேட்டில், அவள் புருஷனின் தம்பி.

கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத்தான் அந்த வீடு தெரியும். போக வேண்டுமென்றால் பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். முழங்கால் இரண்டும் கெஞ்சும். ஆனால் அவள் போகாததற்கு முழங்கால் காரணமில்லை. புருஷனைப் புதைத்த அன்றைக்குக் கொழுந்தன் அத்தனை பேர் முன்னால், "அண்ணி ஒழுங்கா பாத்துருந்தா அண்ணன் இன்னும் இருந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டான். அது நாக்கா, தேள் கொடுக்கா? ராத்திரி பகல் பாராமல் மலம் மூத்திரம் அள்ளியவளைப் பார்த்துச் சொல்கிற சொல்லா?

"இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், போடா" என்று வந்தவள்தான். அதற்கப்புறம் பேச்சுவார்த்தை இல்லை.

ஆனால் சண்டை வேறு, விளக்கு வேறு. பொழுது சாய்ந்தால் வீட்டு வாசலில் அரிக்கேன் விளக்கை ஏற்றித் தொங்கவிட வேண்டும் என்பது அந்த மேட்டு வழக்கம். விளக்கு தெரிந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். தெரியாவிட்டால், எதிர்வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்திருந்தாலும் உதறிவிட்டு ஓட வேண்டும். பகையாளியாக இருந்தாலும் ஓட வேண்டும்.

அவளும் ஏற்றுவாள், அவனும் ஏற்றுவான். அவன் சற்றுத் தாமதித்தால் இவள் உள்ளே போக மாட்டாள். முற்றத்திலேயே நின்று முனகுவாள். எதிரே வெளிச்சம் முளைத்த பிறகுதான் மூச்சு வரும். "ஏத்திட்டியா மகராசா? சரி, சாப்பிட்டுப் படு" என்று விளக்கிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள். நாள் முழுக்க அவள் மனுஷனிடம் பேசுவது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் ஆட்டிடம்.

பிறகு சர்க்காரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இரு வீட்டு முற்றத்திலும் கம்பம் நட்டு சோலார் விளக்கு மாட்டினார்கள். "பெரியம்மா, இனி மண்ணெண்ணெய் சுமக்க வேண்டாம். இருட்டினா தானா எரியும், விடிஞ்சா தானா அணையும். நீங்க கையே வைக்க வேண்டாம்" என்றார்கள். பாவம், நல்ல பிள்ளைகள். ஆட்டுக்காரிக்கு வாயெல்லாம் பல். அரிக்கேன் பரணுக்குப் போனது. விளக்கை எதற்காக ஏற்றுகிறோம் என்பதை அவர்களும் கேட்கவில்லை, இவளும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த வருஷக் குளிர்காலத்தில், காற்று தூக்காமல் இருக்கத் தகரக் கூரைமேல் கல் வைக்க ஏறினாள். ஏணி வழுக்கியது. விழுந்த வேகத்தில் இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. முழங்கையை ஊன்றி ஊன்றி வாசற்படி வரைக்கும் வந்து சேர்ந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் தண்ணீர்க் குடமும் உருளைக்கிழங்குச் சாக்கும் இருந்தன. 'போகட்டும், இருட்டினதும் தம்பி பார்ப்பான், வருவான்' என்று தைரியமாகவே இருந்தாள்.

பொழுது சாய்ந்தது. முற்றத்து விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"அடப்பாவி!" என்று கத்தினாள். இங்கே ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள், அது ஜம்மென்று நின்று, ஆட்டுக்காரி சௌக்கியம் சௌக்கியம் என்று ஊருக்குச் சொல்கிறது! முதலில் உருளைக்கிழங்கை எறிந்தாள். சாப்பாடே அதுதான் என்று நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டாள். மறுநாள் கை நீட்டிப் படியோரக் கல்லைப் பொறுக்கினாள். ஆடு மேய்த்த கை. நின்றபடி எறிந்தால் ஒரே கல். படுத்தபடி எறிந்ததில் சாயங்காலம்வரை ஆனது. கடைசியில் ஒன்று பட்டு, கண்ணாடி உதிர்ந்தது.

அன்றைக்கு அவள் முற்றம் இருண்டு கிடந்தது. இருட்டைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தலைமுடியைக்கூட ஒதுக்கிக்கொண்டாள். வந்ததும் முதலில் என்ன சொல்வது என்று யோசித்தாள். 'வாப்பா' என்று சொல்லலாம். அது போதும்.

விடிந்தது. அவன் வரவில்லை.

"கல்நெஞ்சுக்காரா! வழக்கத்தைக்கூடவா மறந்துட்டே? நான் செத்தா உனக்குக் குளுகுளுன்னு இருக்குமா?" வாய் வலிக்கும்வரை திட்டினாள். அழுதாள். மறுபடி திட்டினாள்.

மத்தியானம் மேகம் இறங்கியது. மலை முழுக்க மங்கிப்போனது. எதிர்மேட்டில் விளக்கு எரிந்தது.

"கிறுக்குப் பயலே, பட்டப்பகல்ல எவனாவது விளக்கு ஏத்து..."

பாதியில் வாய் நின்றது. எவனும் ஏற்றவில்லை. அது தானாக எரிகிறது. இங்கே எரிந்த மாதிரியே.

தன் இடுப்பு மறந்துபோனது. "தம்பீ!" என்று கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. "தம்பீ... ஏய், தம்பீ!" காற்று அதைப் பாதிப் பள்ளத்திலேயே பிய்த்துப் போட்டது.

மாதம் ஒரு தடவை அரிசியும் உப்பும் ஏற்றி வரும் கோவேறு கழுதைக்காரன் வந்து சேர்ந்தபோது அவளுக்குக் குரல் கம்மிப்போயிருந்தது. அவன் பதறிப்போய், "ஐயோ பெரியம்மா!" என்று தூக்க வந்தான்.

"என்னை விடு. முதல்ல அங்க போ. அவனைப் பாரு."

அவன் பள்ளத்தில் இறங்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். எதிர்வீட்டுக்குள் போனான். வெகுநேரம் கழித்து வெளியே வந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் பார்த்தபடி சும்மா நின்றான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கட்டில்லயே போயிட்டாரு, பெரியம்மா. ரொம்ப நாள் ஆயிருக்கும்" என்றான் திரும்பி வந்து. "கட்டிலை இழுத்து வாசப்பக்கமா போட்டிருக்காரு. அங்கிருந்து பாத்தா உங்க வீட்டுக் கம்பம்தான் நேரா தெரியுது. சரி, வாங்க, ஆஸ்பத்திரிக்கு இறங்குவோம்."

"என்னை அங்க கூட்டிட்டுப் போ."

"இடுப்பு முறிஞ்சு கிடக்கீங்க! அந்தப் பள்ளத்துல கழுதை குலுக்குற குலுக்குல உயிரே போயிடும்."

"போனா போகட்டும். கட்டு, கழுதையில."

கட்டினான். வேறென்ன செய்வான்? அவளோடு பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. வழி நெடுக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். ஓடையருகில் மயங்கித் தெளிந்தாள். மேடேறி, வாசலில் இறக்கி, கட்டிலோரமாகச் சாய்த்து உட்கார வைத்தான். போர்வைக்குள் கொழுந்தன் சிறுத்துப் போயிருந்தான். வெளியே பொழுது சாய்ந்து, கம்பத்து விளக்கு எரிந்தது. போர்வை விளிம்பை இழுத்து அவன் காலை மூடிவிட்டாள்.

"எரிஞ்சுதேப்பா" என்றாள். "தினமும் எரிஞ்சுதே. நீ நல்லாத்தான் இருக்கேன்னு நெனச்சுட்டேனே."