எங்கள் தோட்டத்தில் எடுத்த படம் எங்களுக்கு இல்லையாம்

முப்பது வருடத்துக்கு முன் மஞ்சூரில் அம்மா இலை பறித்த எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஒரு படத்தின் பாட்டை எடுத்தார்கள். கதாநாயகிக்குப் பின்னால் கூடையோடு நிற்கிறவர்களில் என் அம்மாவும் ஒருவர். ஏற்கெனவே பறித்து முடித்த செடியில், மறுபடியும் பறிக்கிற மாதிரி நாள் முழுக்கக் கையை ஆட்டச் சொன்னார்களாம்.

அந்தப் படம் ஊட்டி தியேட்டருக்கு வந்தபோது நான் கைக்குழந்தை. அதனால் அம்மா போகவில்லை. இன்றுவரை பார்க்கவும் இல்லை.

இன்று இருவரும் பஸ் ஏறி ஊட்டிக்குப் போனோம். முன்பு சிடி விற்ற கடையில் இப்போது போன் கவர் தொங்குகிறது.

"படத்தையெல்லாம் இப்ப யாருங்க கடையில வந்து வாங்கறாங்க? ஆன்லைன்ல எல்லாமே இருக்குதுங்க" என்றார் கடைக்காரர்.

எல்லாமே இருக்கிறது. ஒரு ஆன்லைன் கடையில் டிவிடி இருந்தது, ஆனால் எங்கள் பின்கோடுக்கு அனுப்ப மாட்டார்களாம். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தேடியதில், ஒரு ஆப்பில் போஸ்டரோடு படமே கிடைத்தது. அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் அழுத்தினேன்.

"இந்தப் படம் உங்கள் பகுதியில் கிடைக்காது."

அம்மா படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நம்ம தோட்டத்துல எடுத்ததுதானே கண்ணு? வேற எந்தப் பகுதிக்காரங்களுக்குக் குடுப்பாங்களாம்?"

எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். அந்தப் பகுதியில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அம்மா இன்னும் கண்ணாடியைக் கழற்றவில்லை.