பூசாரி விரலால் குழைத்த சந்தனம்

இரத்தோட்டைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கி நிற்கிற மூன்றாவது வளைவில் இறங்கினால் முத்துமாரி கோயில். எத்தனை வருஷத்துக் கோயில் என்று மட்டும் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள், திரும்பிப் போகிற பஸ்ஸைத் தவறவிடுவீர்கள். கோப்பித் தோட்டம் போட்ட காலத்தில் காடு வெட்டி நடந்து வந்தவர்கள் வைத்த கல் என்பார் ஒருவர். அவர்கள் வரும்போதே அம்மா இங்கேதான் உட்கார்ந்திருந்தாள் என்று சண்டைக்கு வருவார் இன்னொருவர். அந்த இன்னொருவர்தான் பூசாரி காத்தமுத்து.

அறுபத்திரண்டு வயது. செவ்வாயும் வெள்ளியும் பூசை, மற்ற நாளில் டவுனில் ஸக்கரியா முதலாளியின் கராம்புக் கடையில் வேலை. கராம்பை ஒரு விரலால் நெருடிப் பார்த்து, "இன்னும் ரெண்டு வெயில் காயணும் முதலாளி" என்பார். சொன்னால் சொன்னதுதான். ஈரம் பார்க்கிற மெஷின் ஒன்றை முதலாளி ஆசையாக வாங்கி வைத்தார். மெஷினும் காத்தமுத்துவும் ஒத்துப்போகாத நாளில் முதலாளி திட்டியது மெஷினைத்தான்.

அதே விரல்தான் கோயிலிலும் வேலை பார்த்தது. அந்த ஊரில் கல்யாணமா, காணியா, வெளிநாட்டுப் பயணமா, எதுவானாலும் அம்மாவிடம் பூக்கேட்க வேண்டும். பூசாரி இரண்டு கிண்ணத்தில் சந்தனம் குழைத்து, அம்மாவின் வலது தோளில் ஒரு செம்பருத்தி, இடது தோளில் ஒரு செம்பருத்தி ஒட்டுவார். வலது பூ முதலில் விழுந்தால் சரி, இடது விழுந்தால் வேண்டாம். அப்பீல் கிடையாது.

சந்தனம் நீர்த்தால் பூ சீக்கிரம் வழுக்கும், கெட்டியானால் பிடித்து நிற்கும். இது காத்தமுத்துவின் விரலுக்குத் தெரியாதா என்ன? இருபத்தெட்டு வருஷமாக அம்மாவுக்கு ஒத்தாசை செய்து வந்தார். அவளுக்கு ஆயிரம் சோலி, இந்தச் சில்லறை விஷயத்தையெல்லாம் நாம் பார்த்துக்கொள்வோமே என்பது அவர் கட்சி. ஆட்டோ ஓட்டுகிற பையனைத்தான் கட்டுவேன் என்று தினுஷா அழுதாள், அவள் அப்பன் அரிவாளைத் தேடினார். பூக்கேட்டார்கள், வலது பூ பொத்தென்று விழுந்தது. ஒரு பலாமரத்துக்காக அண்ணன் தம்பி இரண்டு பேர் வெட்டிக்கொள்ளப் பார்த்தபோது, அவர் இரண்டு பக்கமும் களிபோலக் குழைத்துவிட்டார். மூன்று மணி நேரம் ஒரு பூவும் விழவில்லை. பசி தாங்காமல் இரண்டு பேரும் ஒரே இலையில் பொங்கலைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குத்தான் ஆறுமுகநாதன் ஐயா குறுக்கே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மாத்தளைக் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர், இப்போது கோயில் சபைத் தலைவர். நல்ல மனுஷன், அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

"பூசாரியார், நான் உங்களுக்கு எதிரி இல்லை கண்டியளோ. ஆகமப்படி ஒரு குருக்கள் வந்தால் கோயில் வளரும். நீங்கள் பக்கத்திலை நிண்டு மணி அடிக்கலாம்."

மணி! அம்மாவைக் குளிப்பாட்டி, சேலை கட்டி, பொட்டு வைத்த கை இனி வெளியே நின்று கயிற்றை இழுக்க வேண்டுமாம். காத்தமுத்துவின் முகத்தைப் பார்த்த ஐயாவுக்கே பாவமாகிவிட்டது.

"சரி, அம்மாளையே கேப்பம். வெள்ளிக்கிழமை பூ வையுங்கோ. வலது விழுந்தால் குருக்கள், இடது விழுந்தால் நீங்கள்."

செய்தி கேட்டதும் காத்தமுத்துவின் மனைவி பேச்சாயிக்கு ஒரே சந்தோஷம். "அப்புறம் என்னங்க? ஊருக்கெல்லாம் செய்றீங்க, நமக்கு ஒரு வாட்டி செஞ்சா கை தேஞ்சா போயிரும்?"

"போடி கூறுகெட்டவளே! அடுத்தவுங்களுக்குச் செஞ்சப்ப அவ பாத்தும் பாக்காம இருந்தா. எனக்கே செஞ்சுக்கிட்டா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவளுக்குப் பொட்டு வைப்பேன்?"

"அவ வேணாம்னு சொல்லிட்டா?"

மூன்று நாள் காத்தமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் பச்சைக் கராம்பை நெருடிப் பார்த்து நல்லாக் காய்ந்துவிட்டது என்றார். ஸக்கரியா முதலாளி பயந்துபோய், "காத்தமுத்து, நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்று அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஊரே கோயிலில். காத்தமுத்து தன் விரலை நம்பவில்லை. பாழாய்ப்போன விரல், சொல்லாமலே வேலையைக் காட்டிவிடும். பேரப்பிள்ளைக்கு இருமல் மருந்து கொடுக்கிற பிளாஸ்டிக் கரண்டியை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு கிண்ணத்துக்கும் அளந்து சந்தனம், அளந்து தண்ணீர். கரண்டியாலேயே கலக்கி, கரண்டியாலேயே பூசி, பூவை ஒட்டிவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

தப்பு மேளக்காரன் நாலு அடிகூட அடிக்கவில்லை. வலது பூ விழுந்தது.

காத்தமுத்து இடுப்பிலிருந்து கோயில் சாவியை எடுத்து அம்மாவின் காலடியில் வைத்தார். "சொல்லிட்டா" என்றார். பேச்சாயியின் பக்கம் திரும்பத் தைரியமில்லை.

கைப்பிள்ளையோடு முன்வரிசையில் நின்ற தினுஷா கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"மாமா, இன்னிக்கி சந்தனத்த எதுல கொழச்சீங்க?"

"கரண்டியிலம்மா."

"கரண்டியிலயா! கேட்டீங்களா இந்த அநியாயத்த!"

கோயில் கொந்தளித்துவிட்டது. "கரண்டில கொழச்சா அது எப்புடி வாக்காகும்?" என்று பலாமரத்து அண்ணன் எகிறினார். "எங்களுக்கு மட்டும் மூணு மணி நேரம் நிக்கிற மாதிரி கொழச்சீங்கல்ல?" என்று தம்பி கூடவே எகிறினார். பலாமரத்துக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

காத்தமுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "அப்ப... ஒங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியாமயா மாமா?" என்றாள் தினுஷா. "நீங்க சொன்னா எங்கப்பா கேக்க மாட்டாரு, அம்மா சொன்னா கேப்பாரு. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்து பாத்துக்குவீங்கன்னுதானே வர்றோம்."

அவள் அப்பனும் அங்கேதான் நின்றார். "எனக்கும் அப்பவே தெரியும்" என்று முனகினார்.

தெரியாத ஆள் ஒருத்தர்தான். ஆறுமுகநாதன் ஐயா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார்.

"பூசாரியார். என்ரை மகன் சுஜிதன் கனடாவுக்குப் போறதோ எண்டு நானும் ஒருக்கால் கேட்டனான். இடதுதானே விழுந்தது?"

"ஆமாங்க ஐயா."

"அதுவும் விரலோ?"

காத்தமுத்து தலையைக் குனிந்தார். "தம்பி மொத நாளு கடைக்கே வந்துட்டாருங்க. ஒங்கள விட்டுட்டுப் போக மனசில்ல, ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்லத் தைரியமுமில்லன்னு அழுதாரு. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல ஐயா. மன்னிச்சிருங்க."

ஐயா திரும்பிப் பார்த்தார். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்ற சுஜிதன், அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பவன்போலக் கோயில் கூரையைப் பிள்ளைக்குக் காட்ட ஆரம்பித்தான். பிள்ளை கூரையைப் பார்க்கவில்லை. தாத்தாவைப் பார்த்து "அப்பப்பா!" என்று கையை ஆட்டியது.

ஐயா குனிந்து சாவியை எடுத்துக் காத்தமுத்துவின் கையில் வைத்து அழுத்தினார்.

"இன்னொருக்கால் வையுங்கோ. விரலாலை."

காத்தமுத்து உட்கார்ந்து குழைத்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டி, ஒரு கிண்ணம் கூழாகவே போய்விட்டது.

"ஐயா, இதுல தண்ணி கூடிப்போச்சுங்க" என்றார், குழந்தைபோல.

"எந்தப் பக்கத்துக் கிண்ணம்?"

"எடதுங்க."

"அப்ப பரவாயில்லை" என்றார் ஆறுமுகநாதன் ஐயா. "வையுங்கோ."