வேலையில்லாத மடிகள்

இன்று காலை என் பஸ்ஸில் ஒரு பெண் ஏறினாள். ஒரு கையில் உருளைக்கிழங்குப் பை, மறு கையில் குடை, தோளில் இன்னொரு பை. இருக்க இடமில்லை. அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கனவான் அமர்ந்திருந்தார். அவருடைய மடி அகலமாக, வெறுமையாக, நன்றாக அழுத்திய காற்சட்டையோடு சும்மா இருந்தது. பஸ் திரும்பும்போதெல்லாம் கிழங்குப் பை அவருடைய காதோரம் ஆடிப் போய் வந்தது. அவர் தலையைச் சற்றுச் சரித்து அதற்கு வழிவிட்டாரே தவிர, கையை நீட்டவில்லை. அவளும் அவர் நீட்டுவார் என்று எதிர்பார்க்கவில்லை. லண்டனில் கொண்டக்டராக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. குளிர் பழகிவிட்டது. உப்பும் உறைப்பும் இல்லாமல் அவித்த கோவா இலைகூடப் பழகிவிட்டது. இந்த வேலையில்லாத மடிகள் மட்டும் இன்னும் பழகவில்லை.

திருகோணமலையிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று உடனே விளங்கும். அரசாங்கம் பஸ்களைப் பொறுப்பெடுத்துச் சில வருஷங்களுக்குப் பிறகு நான் டிப்போவில் சேர்ந்தேன். காக்கி உடுப்பும் தோற்பையும் தருவதற்கு முன்னர் எங்களுக்கு ஒரு வாரம் வகுப்பு வைத்தார்கள். அதற்காகக் கொழும்பிலிருந்து ஒரு பயிற்சி ஐயா வந்தார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, பேச்சும் அதே வெள்ளை. கதிரைகளை இரண்டிரண்டாக அடுக்கி, இதுதான் பஸ் என்றார். அந்தக் கதிரை பஸ்ஸில் ஒருவரும் நிற்கவில்லை, ஒருவரிடமும் மூட்டை இல்லை, ஒருவருக்கும் தலை சுற்றவில்லை. அவ்வளவு ஒழுங்கான பஸ்ஸை என் சேவைக்காலத்தில் பிறகு நான் காணவேயில்லை. பயணியின் பொருளுக்குப் பயணியே பொறுப்பு, கொண்டக்டர் அதைத் தொடக்கூடாது, பஸ்ஸின் சுவரில் எழுதியிருக்கும் அளவுக்குமேல் ஆட்களை ஏற்றக்கூடாது என்று அவர் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் படிப்பித்தார். எங்களோடு றைவர் பயிற்சிக்கு வந்திருந்த கிண்ணியா மஜீது கையை உயர்த்தினான்.

"ஐயா, மிச்சச் சனத்தை என்ன செய்யிற?"

"அடுத்த பஸ்ஸில் வருவார்கள்" என்றார் அவர் ஆங்கிலத்தில்.

"அடுத்த பஸ்ஸும் நாங்கதான் ஐயா."

பயிற்சி ஐயா அதை ஒரு பகிடி என்று நினைத்தார். மஜீது உள்ளதைத்தான் சொன்னான். இறக்கக்கண்டிப் பாதையில் எங்கள் பஸ் போனால் அதே பஸ்தான் திரும்பிவர வேண்டும். விட்டுவிட்டுப் போன சனம் வெயிலில் காய்ந்துகொண்டு அதே இடத்தில் நிற்கும். மூன்று மணித்தியாலம் கழித்து அவர்களுடைய ஏச்சைக் கேட்க யாரால் முடியும்? ஆகவே ஒருவரையும் வீதியில் விடாமல் ஏற்றுவது எப்படி என்பதை நானும் மஜீதும் ஓடி ஓடித்தான் படித்தோம். அதற்கு ஒரே வழி மடிதான். நிற்பவரின் சுமையை இருப்பவர் வாங்கிக்கொண்டால் நிற்பவருக்குப் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் கிடைக்கும். கால் வைக்க இடமும் கிடைக்கும். அநேகமாக யாரும் கேட்காமலே சனம் கையை நீட்டும். நீட்ட மறந்தவர்களுக்கு நினைவூட்டுவது கொண்டக்டரின் தொழில்.

அது சும்மா தொழில் அல்ல, அதற்கும் தராதரம் உண்டு. கந்தோருக்குப் போகிறவரின் வெள்ளைக் காற்சட்டை மேல் மீன்கூடை வைக்கக்கூடாது, பள்ளிக்கூடப் புத்தகங்கள் வைக்கலாம். கைக்குழந்தையை யாருடைய மடியிலும் வைக்கலாம். கோழியென்றால் கால் கட்டியிருக்க வேண்டும். தயிர்ச்சட்டியை இளந்தாரிமாரிடம் கொடுக்கக்கூடாது, அவர்கள் யன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். இதெல்லாம் எந்த வகுப்பிலும் இல்லை. என் பஸ்ஸில் அந்தத் தராதரத்துக்கு முதற் பரிசு கொடுப்பதாக இருந்தால், இறக்கக்கண்டியில் ஏறித் தையல் வகுப்புக்காகத் திருகோணமலை ரவுணுக்கு வரும் ஒரு பெண்ணுக்குத்தான் கொடுத்திருப்பேன். பரமேஸ்வரி என்று பெயர். நான் சொல்லுமுன்னரே கையை நீட்டிவிடுவாள். பை, கூடை, குடை, இன்னொருத்தியின் பிள்ளை என்று அவள் மடியில் குவிந்து கிடக்கும். நிலாவெளி தாண்டினால் அவளுடைய முகம் தெரியாது. குவியலுக்குப் பின்னாலிருந்து ரிக்கற் காசோடு ஒரு கை மட்டும் வரும். அந்தக் கையைத்தான் நான் முதலில் விரும்பினேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அவளும் இன்றுவரை நம்பவில்லை. கல்யாணம் முடித்து அன்புவழிபுரத்தில் குடியிருந்தோம். ஒரு மகள் பிறந்தாள்.

என்னை நிரந்தரமாக்குவதற்கு முன்னர் அதே பயிற்சி ஐயா ஒருநாள் மத்தியானம் என் பஸ்ஸில் ஏறிச் சோதிக்க வந்தார். பள்ளிக்கூடம் விட்ட நேரம். பஸ்ஸுக்குள் மூச்சுவிடக்கூட முறை வைத்துத்தான் விடவேண்டும். அவர் சுவரில் இருந்த எண்ணிக்கையைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுதுவதற்குப் பேனையைத் திறந்தார். அந்த நேரம் சல்லிக் கிராமத்துக்குப் போகிற ஒரு தாய், இடுப்பில் பிள்ளையும் காலடியில் கூப்பன் அரிசிச் சாக்குமாக அவருக்குப் பக்கத்தில் தடுமாறினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. ஐயா பேனையைப் பொக்கற்றில் செருகிவிட்டு இரண்டு கையையும் நீட்டிப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வாங்கிய பிறகுதான் அவருக்கே தான் செய்தது தெரிந்தது.

சல்லிச் சந்தியில் அரிசிச் சாக்கை இறக்கினேன், தாயும் இறங்கினாள், நான் மணியை அடித்தேன். மஜீதும் பஸ்ஸை எடுத்துவிட்டான். உள்ளேயிருந்து ஐயா முதன்முதலாகத் தமிழில் கத்தினார். "பிள்ளை! பிள்ளை!"

மஜீது பிறேக்கை மிதித்தான். பிள்ளை ஐயாவின் மடியிலிருந்து கைமாறிக் கைமாறி யன்னலால் தாயிடம் போய்ச் சேர்ந்தது. போகும் அவசரத்தில் ஐயாவின் வெள்ளைக் காற்சட்டையை நனைத்துவிட்டுத்தான் போனது. மிகுதித் தூரம் அவர் எழுதவேயில்லை. பிறகு டிப்போவுக்கு வந்த அறிக்கையில், பயணிகளின் ஒத்துழைப்பு மெச்சத்தக்கது என்று மட்டும் இருந்ததாம். நான் நிரந்தரமானேன்.

இவ்வளவு அனுபவத்தோடுதான் லண்டனுக்கு வந்தேன். முதலில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன். பிறகு பஸ் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. கடைசி நாள் ஓடும் பஸ்ஸில் சோதனை. அதில் தேறினால் நிரந்தர வேலை. நிரந்தர வேலை இருந்தால்தான் பரமேஸ்வரியையும் மகளையும் கூப்பிடலாம். தவறினால் பழையபடி கோப்பைதான். அங்கே எங்களுக்குப் படிப்பித்தவர் மிஸ்டர் ஹட்சன் என்று மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர். இங்கேயும் ஓடாத ஒரு பஸ்ஸில்தான் வகுப்பு. ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் எடு. ஐந்து பேருக்குமேல் நிற்கவிடாதே, வாசலில் கையைக் குறுக்கே வைத்து 'ஃபுல்' என்று சொல். என் வாய்க்குள் இருந்த மஜீது சும்மா இருப்பானா? மிச்சச் சனத்தை என்ன செய்வது என்று கேட்டேன்.

"பின்னால் இன்னொரு பஸ் வரும்" என்றார் ஹட்சன்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, கையை மட்டும் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். வீதியில் உண்மையாகவே வந்துகொண்டிருந்தது.

சோதனையன்று ஹட்சன் பின்னாலுள்ள நீள ஆசனத்தில் அமர்ந்துகொண்டார். மழை. நான் கணக்கில் பிழைவிடவில்லை, மணியில் பிழைவிடவில்லை, 'தாங்க் யூ' சொல்வதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அரைவாசித் தூரம் போனபோது ஒரு பெண் தோளில் தூங்கும் பிள்ளையோடும் கையில் ஒரு பெரிய பையோடும் ஏறினாள். பிடித்துக்கொள்ள அவளுக்கு மூன்றாவது கை இல்லை. பக்கத்தில் ஒருவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். ஆகா, மடி! மிகுந்த மரியாதையோடு அவளுடைய பையை வாங்கி, அவருடைய பத்திரிகைக்கு மேல் வைத்து, "கொஞ்சம் பிடியுங்கள், சேர்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த ரிக்கற்றுக்குத் திரும்பினேன்.

அந்தப் பெண் "என் பை! என் பை!" என்று அலறினாள். அந்த மனிதர் பொலிஸ் துவக்கை நீட்டியதுபோல இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். பிடிக்க ஆளில்லாமல் பை சரிந்தது. தோடம்பழங்கள் உருண்டு நடைபாதை முழுக்க ஓடின. ஒன்று ஹட்சனின் சப்பாத்தில் முட்டி நின்றது. பிள்ளை மட்டும் எழும்பவில்லை. பிள்ளையை வாங்காமல் விட்டதற்கு இன்றைக்கும் நான் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

பின்னேரம் ஹட்சன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்தப் பெண்ணின் பையை ஏன் எடுத்தீர்?"

"அவர் நின்றார், சேர்."

"சரி. அதை அந்த மனிதரிடம் ஏன் கொடுத்தீர்?"

"அவர் உட்கார்ந்திருந்தார், சேர்."

ஹட்சன் என்னைப் பார்த்தார். நான் ஹட்சனைப் பார்த்தேன். நான் முழுவதையும் விளக்கிவிட்டேன், இதற்குமேல் விளக்க என்ன இருக்கிறது? அவரோ நான் இன்னும் தொடங்கவில்லை என்று காத்திருந்தார். கடைசியில், நீர் முன்னர் ஸ்டேஷனில் மூட்டை தூக்கினீரா என்று கேட்டார். பதின்மூன்று வருஷம் கொண்டக்டராக இருந்தேன் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். கணக்கும் மணியும் சரியாக இருந்தபடியால் திங்கட்கிழமை இன்னொரு சந்தர்ப்பம் தருவதாகச் சொன்னார். ஒரேயொரு நிபந்தனை, பயணிகளின் பொருளைத் தொடக்கூடாது. பயணிகள் தங்கள் உடைமைகளைத் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற வசனத்தை ஆங்கிலத்தில் பாடமாக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

திங்கட்கிழமை ரிக்கற் கொடுக்காத நேரமெல்லாம் கைகளைத் தோற்பையின் வாருக்குள் செருகிக்கொண்டு நின்றேன். வழியில் ஒரு வயதான அம்மா பெரிய பார்சலோடு ஏறினார். அவருக்குப் பக்கத்தில் வரிசையாக நாலு மடிகள். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் தடுமாறினார், என் கை வாருக்குள் துடித்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, பரமேஸ்வரி, பரமேஸ்வரி என்று மந்திரம்போலச் சொன்னேன். பஸ் நின்றதும் ஹட்சன் என் கையைக் குலுக்கி, மிகவும் சிறப்பாகச் செய்தீர் என்றார். நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யாமல் நின்றேன், தேறிவிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை, கூடவே வெட்கமாகவும் இருந்தது. மஜீதுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அவன் ஒரேயொரு கேள்வி எழுதியிருந்தான்: "அப்ப அங்க கொண்டக்டர் என்னத்துக்கு மச்சான்?"

போன மாதம் பரமேஸ்வரியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். என்னுடைய பஸ்ஸைப் பார்க்க வேண்டும் என்று இரண்டுபேரும் பிடிவாதமாக நின்றார்கள். பஸ்ஸுக்குள் நடக்கவேண்டிய விதத்தை வீட்டிலேயே படிப்பித்தேன். பயணிகள் யாராவது முறைப்பாடு எழுதினால் ஹட்சன் சும்மா விடமாட்டார் என்றும் சொன்னேன்.

"இஞ்ச ஒருத்தற்ற பையிலயும் கை வைக்கப்படாது, விளங்குதே?"

"நான் என்ன கள்ளியே?" என்று பரமேஸ்வரி கோபித்தாள்.

சனிக்கிழமை ஏறினார்கள். மகள் யன்னலோரம், பரமேஸ்வரி நடைபாதைப் பக்கம். கடைத்தெருவில் சனம் ஏறியது. ஒரு வெள்ளைக்காரப் பெண், நல்ல பாரமான பையோடு பரமேஸ்வரிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் மேல்தட்டிலிருந்து படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். பரமேஸ்வரியின் கை நீளுவதைக் கண்டேன். அந்தக் கையை எனக்குத் தெரியாதா? வாயைத் திறக்குமுன்னர் பை அவளுடைய மடிக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் திடுக்கிட்டுக் கைப்பிடியை இறுக்கினாள். பரமேஸ்வரி அவளைப் பார்த்துச் சிரித்தாள், பையை விடவில்லை. அந்தப் பெண் காக்கியில்லாத என் நீல உடுப்பைப் பார்த்தாள், நெஞ்சில் இருந்த வில்லையைப் பார்த்தாள். நான் இப்போது சொல்லவேண்டிய வசனம் எனக்குப் பாடம். தொண்டை வரைக்கும் வந்தது.

"இஞ்சாருங்கோ" என்றாள் பரமேஸ்வரி. "இந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ, இறங்கு மட்டும் நான் வைச்சிருப்பன். பயப்பிடாமக் கையை விடச்சொல்லுங்கோ."

"இவர் என்ன சொல்கிறார்?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பை பாரம் என்கிறார்" என்றேன்.

"அது உண்மைதான்" என்று அவள் கொஞ்சம் சிரித்தாள். பையை இழுக்கவில்லை. கைப்பிடியையும் விடவில்லை.

நான் மணியை இரண்டு முறை அடித்தேன். பஸ் நகர்ந்தது. கைப்பிடி அவளுடைய கையில் இருந்தது, பாரம் பரமேஸ்வரியின் மடியில் இருந்தது. அந்தப் பெண் இறங்கும் தரிப்பு வரைக்கும் அப்படியே போனோம்.